வார்னிஷ் காய்வதற்குள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் காலை. காதுக்காரர் முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, இரண்டடி நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைத் தன் வயிற்றில் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

"குத்திக்காதீங்க. உள்ள இருக்கற புண்ணு போதாதுன்னு வெளியில வேற ஒண்ணு வேணுமா?"

"சத்தம் சுத்தமா இருக்கு. உரசல் இல்ல, இழுவை இல்ல."

"அது வயிறுங்க. மோட்டார் இல்ல."

"உனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டையும் தெறந்து பாத்ததில்ல."

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக்காரருக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் காதுக்காரர்தான். ஓடுகிற மோட்டாரின் உடம்பில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கண்ணை மூடிக்கொள்வார். எந்தப் பக்கத்து பேரிங் போயிருக்கிறது, தண்டு வளைந்திருக்கிறதா, தண்ணீரோடு காற்றும் சேர்ந்து வருகிறதா என்று எண்ணிப் பத்து மூச்சுக்குள் சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, மூன்றாம் வருஷமும் அதே பெஞ்சில் உட்கார மனமில்லாமல் வெளியே வந்தவர், இன்னொருவர் பட்டறையில் மண்ணெண்ணெயில் பேரிங் கழுவித்தான் ஆரம்பித்தார். கையைப் பிடித்துத் தூக்கிவிட ஓர் ஆள் கிடையாது. இன்றைக்குச் சொந்தப் பட்டறை, மாடி வீடு, கீழே ஐந்து பேர் வேலை. கழுத்தில் அட்டை மாட்டிய பொறியாளர்கள் கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைந்து காட்டிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் நீங்க ஒருதடவ கேட்டுச் சொல்லிடுங்களேன்" என்பார்கள். சும்மா வருமா இந்த மரியாதை?

அப்பேர்ப்பட்ட காது, தன் உடம்புக்குள் நடந்ததை மட்டும் ஆறு மாதம் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் மலத்தில் ரத்தம் வந்தபோது மூலம் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, பெருங்குடலின் உள்சுவர் முழுக்கப் புண். அது ஒரேயடியாகப் போகிற நோயும் இல்லை. மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். ஒருநாள் சீறிக்கொண்டு எழும். இந்த முறை எழுந்தது, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் அடித்தளத்துப் பம்பு அறையில். வால்வைப் பிடித்தபடியே மடிந்து உட்கார்ந்தவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது, அவர் மகளாக இருக்கக்கூடிய வயதுள்ள டாக்டரம்மா, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"புண்ணு ஆறல ஐயா, அடங்கியிருக்கு. இந்த மாத்திரை தினம் எட்டு. ரெண்டு வாரம் கழிச்சு வாரம் ஒண்ணா குறைக்கலாம். நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்தவே கூடாது. ரத்தம் திரும்பி வந்தா ஒரு மணி நேரம்கூட வீட்டுல இருக்காதீங்க. சீக்கிரம் வந்தா ஊசியில அடக்கிடலாம். மீறிப் போச்சுன்னா குடலை எடுக்க வேண்டி வரும்."

"எடுத்துட்டு?"

"வயித்துல ஒரு வழி வெச்சு, வெளியில ஒரு பை மாட்டுவோம்."

டாக்டரம்மா இன்னும் நிறையச் சொன்னார். காதுக்காரர் காதில் பை மட்டும் தங்கியது.

மனைவியின் காதில் மீதி எல்லாம் தங்கியது. அவள் தையல்காரி. முன்னறையில் தையல் மெஷின். சுவர் ஓரம் முப்பது வருஷத்து அளவு நோட்டுகள். அவள் எழுதிய அளவில் அரை விரற்கடை தப்பு என்று எவரும் திரும்பி வந்ததில்லை. புது நோட்டு ஒன்றில் கோடு போட்டு, நூல் கட்டி, கழிப்பறைக் கதவின் ஆணியில் பென்சிலோடு மாட்டிவிட்டாள். மணி, எத்தனையாவது தடவை, ரத்தம் உண்டா இல்லையா.

"போயிட்டு வந்து எழுதணும். டாக்டரம்மா கேப்பாங்க."

"கக்கூசுக்குக் கணக்குப்பிள்ளை வேலையா எனக்கு?"

"வேற வேலை ஏதாவது இருக்கா இப்ப?"

முதல்நாள் எட்டு என்று இருந்தது; நாலாம் நாள் ஐந்து; ஒன்பதாம் நாள் இரண்டு, ரத்தம் இல்லை. மனைவி அந்தப் பக்கத்தைப் பரீட்சை மார்க்கைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பூரித்தாள். அவள் பூரித்ததுதான் அவருக்கு வசதியாகப் போயிற்று.

அவர் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. பழுது பார்த்த எந்த மோட்டாரும் அரைமணி நேரம் முழு லோடில் ஓடிக் காட்டாமல் வாசல் தாண்டாது. "ஓடுறது வேற, இழுக்கறது வேற. வெறுங்காத்துல சுத்தற மோட்டாரை நம்பினவன் கெட்டான்" என்பார். அந்தச் சட்டத்தைத்தான் தன் வயிற்றுக்கும் போட்டார். கஞ்சியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வெறுங்காற்று. மாத்திரையோ, மோட்டாரை எழுப்பிவிடுகிற கெப்பாசிட்டர் மாதிரி. வேகம் பிடித்த பிறகு அது கழன்றுகொள்ள வேண்டியதுதானே? ஆறாம் நாளிலிருந்து, மனைவி உள்ளங்கையில் கொட்டிவிட்டுப் போகிற எட்டு மாத்திரைகளும் வயிற்றுக்குப் போகவில்லை. கட்டிலுக்கு அடியில், பேரிங் குண்டுகள் போட்டு வைக்கிற தகர டப்பாவுக்குப் போயின. நாலு நாள் ஓடிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் மனைவி நூல்கண்டு வாங்கக் கிளம்பியதும், அவள் தம்பிக்கு போன் போட்டார். மச்சான் வேன் ஓட்டுகிறவன். கேட்டதற்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவன்.

"மச்சான், பொரிச்ச கோழி பாதி. மிளகாய்த்தூள் தூக்கலா."

"மாமா, வேண்டாம். அக்கா என்னை உசுரோட தைச்சுருவா."

"அவ வர ஒரு மணி நேரம் ஆகும். நான் சாப்பிட அஞ்சு நிமிஷம்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"டாக்டருக்கு நான் சொல்லுவேன். நீ வண்டியை எடு."

சாப்பிட்டார். மூக்கு நுனியில் வியர்க்க வியர்க்க, எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி அரைமணி, ஸ்க்ரூடிரைவர் காதில். முழு லோடு. வயிறு கொஞ்சம் உறுமியது, அவ்வளவுதான். எலும்புகளைப் பொட்டலம் கட்டி மச்சானிடமே கொடுத்தனுப்பினார். பட்டறைக்கு போன் செய்து, "திங்கக்கிழமை வந்துடறேன். டாக்டருங்க முடியாதுன்னாங்க, நானே ரிப்பேர் பண்ணிட்டேன்" என்று அறிவித்தார். ஐந்து பேரும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, இடுப்பின் இடப்பக்கம் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் பிடித்தது. கழிப்பறைக்குப் போனார். எழுந்து திரும்பிப் பார்த்தபோது பீங்கானில் தண்ணீர் சிவந்து கிடந்தது.

தண்ணீரை இழுத்துவிட்டார். நிறம் போகவில்லை. மறுபடி இழுத்துவிட்டார்.

வெளியே வந்து பென்சிலை எடுத்தார். "7.00. ஒன்று. ரத்தம் இல்லை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தக் காரியத்தை அவர் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு செய்யத் தொடங்கினார். அன்றைய எட்டு மாத்திரையைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். இரண்டு மணி நேரம் பொறு, அடங்கிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். எட்டரைக்கு மறுபடி. ஒன்பதேகாலுக்கு மறுபடி. பத்து மணிக்குப் போனபோது ரத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. நோட்டில் எட்டரையோடு இரண்டு என்றே நின்றது. போய்ச் சொன்னால் வெட்டுவார்கள், பை மாட்டுவார்கள். பத்தாயிரம் மோட்டாரைத் திறந்தவன் இடுப்பில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, பம்பு அறையில் குனிந்து நிற்பதா? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் நினைக்கவில்லை. நினைத்தால் டாக்டரம்மாவின் முகம் வந்தது.

முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் போடும்போதெல்லாம் அது நின்றது. திறந்து வெளியே வந்த பிறகு மறுபடி ஓடியது. முதலில் அதை அவர் கவனிக்கவில்லை. பத்தே முக்காலுக்கு, ஐந்தாம் தடவை, உள்ளே குனிந்து உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மௌனம் காதில் விழுந்தது. அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். உலகமே தன் காதைப் பற்றிப் பேசுகிறது. இந்த வீட்டில் இன்னொரு காது முப்பது வருஷமாக இருந்திருக்கிறது.

வெளியே வந்தபோது அவள் நோட்டின் முன் நின்றிருந்தாள்.

"எத்தன?"

"எழுதியிருக்கேன்ல."

"எழுதினதப் படிச்சிட்டேன். எத்தனன்னு கேட்டேன்."

"சும்மா மூத்திரம் போக எந்திரிக்கிறது எல்லாம் எழுதணுமா? நான் என்ன சின்னப் புள்ளையா, பின்னாலயே நின்னு எண்ணறதுக்கு?"

அவள் கையை நீட்டி அவர் நெற்றியைத் தொடப் போனாள். அவர் தலையை ஒதுக்கிக்கொண்டார். நெற்றி கொதிப்பது அவருக்கே தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது.

வந்தவள் காயில்காரி. பதினெட்டு வருஷமாக அவர் பட்டறையில் செம்புக் கம்பியைச் சுற்றி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள். அவள் கட்டிய காயில் எரிந்தது என்று கேள்வி இல்லை. நாக்கு மட்டும் எரியும்.

"என்ன அண்ணே, நீங்களே ரிப்பேர் பண்ணிட்டதா ஊரெல்லாம் பேச்சு. பாத்தா ஸ்க்ராப்புக்குப் போடற மாதிரி இருக்கீங்க."

"வந்த விஷயத்தைச் சொல்லு."

"ரொட்டிக்கடை மோட்டார். நேத்து சாயந்தரம்தான் கட்டி முடிச்சு வார்னிஷ்ல முக்கிக் காய வெச்சேன். கடைக்காரர் வந்து வாசல்லயே உக்காந்துட்டார். மாவு பிசைய ஆளில்லையாம், இப்பவே வேணுமாம். நம்ம பயலுகளும் தொட்டுப் பாத்துட்டுக் காஞ்சிருச்சு, குடுத்துரலாங்கறாங்க. நான் முடியாதுன்னேன். என் பேச்சு எடுபடல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

காதுக்காரருக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. பட்டறையில் நிற்பதுபோல் நிமிர்ந்தார்.

"எவன்டா அவன், காஞ்சிருச்சுன்னு சொன்னவன்? மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ள ஈரம் நிக்கும். அதுக்கு அடுப்புச் சூடு போதுங்கற வரைக்கும் வேணும். பாதியில எடுத்து லோடு போட்டா அரைமணி நல்லாத்தான் ஓடும். மறுநாள் உள்ளுக்குள்ளயே கருகும். அப்புறம் என்ன பண்றது? உளி வெச்சு மொத்தக் காயிலையும் வெட்டி எடுத்து…"

வாய் அங்கேயே நின்றது.

காயில்காரி காத்திருந்தாள். "எடுத்து?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இடப்பக்கத்துப் பிழிவு மறுபடி எழுந்து, இந்த முறை முழங்கால் வரை இறங்கியது. எட்டு வருஷத்துக்கு முன் இதே தப்புக்காக ஒருவனை, நல்ல வேலைக்காரனை, பேச்சு வார்த்தை இல்லாமல் அன்றைக்கே அனுப்பியவர் அவர்.

"அண்ணே, உங்க மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது? அண்ணி, இவரைப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், காலையிலேருந்து" என்றாள் மனைவி.

"அஞ்சு" என்றார் காதுக்காரர். தரையைப் பார்த்துச் சொன்னார். "நோட்டுல ரெண்டு. போனது அஞ்சு. அஞ்சுலயும் ரத்தம்."

மனைவி நோட்டை ஆணியிலிருந்து கழற்றினாள்; நூல் அறுந்தது. காயில்காரி மச்சானுக்கு போன் போட்டாள்.

வேன் வந்தது. வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினான். தாங்க மாட்டாமல், "அக்கா, நேத்து நான்தான் கோழி வாங்கிக் குடுத்தேன்" என்று கக்கிவிட்டான்.

"தெரியும். தலையணையில எண்ணெய்க் கறை. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

கோழி வெளியே வந்துவிட்டது. டப்பா இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. கோழியோடு போகட்டும் என்று இருந்துவிட்டார். மனைவி தன் மடியில் அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கையில் வைத்துத்தானே தினமும் எட்டு எண்ணிக் கொடுத்தாள்?

டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், காய்ச்சலைப் பார்த்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?"

"ஒருநாள் தவறலம்மா" என்றாள் மனைவி. தலை நிமிர்ந்து சொன்னாள். "தினம் எட்டு, நானே எண்ணிக் கையில குடுத்தேன். வேணும்னா நோட்டு பாருங்க, ஒவ்வொரு நாளும் டிக் போட்டிருக்கேன்."

டாக்டரம்மா அந்த டிக்குகளைப் பார்த்தார். பிறகு நர்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"எட்டு மாத்திரை முழுசாப் போயும் மீறி வந்திருக்குன்னா, அதே மருந்தை ஊசியாப் போட்டுப் பிரயோசனம் இருக்காது. நாள் கடத்தக் கூடாது. ஆபரேஷன் டாக்டரை உடனே வரச் சொல்லுங்க."

நர்ஸ் போனை எடுத்தாள். எண்களை அழுத்தும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. காதுக்காரர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. வாயைத் திறந்தால் மனைவி சொன்ன அத்தனையும் பொய்யாகும். அதுவும் இத்தனை பேர் முன்னால், முப்பது வருஷம் அளவு தப்பாதவள். திறக்காவிட்டால் குடல் போகும். நாலு, ஐந்து. எத்தனை இறுகிய மூடியையெல்லாம் திறந்த மனிதர். தன் வாயைத் திறக்கத்தான் அவருக்கு இவ்வளவு பலம் வேண்டியிருந்தது.

"நிறுத்தும்மா" என்றார்.

நர்ஸின் விரல் நின்றது.

"நான் விழுங்கல. நாலு நாள். ஆறாம் நாள்லேருந்து. முப்பத்திரண்டு மாத்திரை கட்டிலுக்குக் கீழ டப்பாவுல கிடக்கு. இன்னிக்கு எட்டுதான் உள்ள போச்சு. அவ மேல தப்பு இல்ல. அவ சரியாத்தான் குடுத்தா."

மனைவி அவரைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தாள். நாலு டிக்கையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒவ்வொன்றாக அடித்தாள்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஓடுதான்னு பாத்தேன்."

"கோழி கூட சாப்பிட்டாரும்மா" என்றான் கதவோரத்தில் நின்ற மச்சான், எல்லாவற்றையும் கொட்டிவிடுகிற வேகத்தில்.

"கோழி கிடக்கட்டும். அது நல்லதில்லதான், ஆனா அதனால இவ்வளவு வராது. மருந்த திடீர்னு நிறுத்தினதுதான்." டாக்டரம்மா ஸ்டெத்தஸ்கோப்பைக் காதில் மாட்டினார். "சட்டையைத் தூக்குங்க."

உலோகம் வயிற்றில் சில்லென்று உட்கார்ந்தது. மேலே ஓரிடம், கீழே ஓரிடம், இடப்பக்கம் நெடுநேரம். காதுக்காரர் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம், மோட்டார்ச் சொந்தக்காரர்கள் தன் முகத்தை எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று முதல்முறையாகத் தெரிந்தது. பத்து மூச்சு தாண்டியது. பதினைந்து.

"என்னம்மா சத்தம்?"

"பேசாதீங்க."

இன்னும் ஓரிடம். பிறகு வயிற்றை விரலால் அழுத்தி, சட்டென்று விட்டுப் பார்த்தார். வலித்தது, ஆனால் கத்தும்படி இல்லை.

"ஓட்டம் இருக்கு. வயிறு இறுகல. படம் ஒண்ணு எடுத்துடலாம். எதுக்கும் ஆபரேஷன் டாக்டரும் பாத்துக்கட்டும். ஆனா கத்தி இப்ப வேண்டாம். ஊசியில ஆரம்பிப்போம், மூணு நாள் டைம். மாத்திரை விஷயத்தை மறைச்சிருந்தீங்கன்னா இந்த மூணு நாள் உங்களுக்குக் கிடைச்சிருக்காது."

மூன்று நாள், கையில் ஊசி மருந்து சொட்டச் சொட்டக் கிடந்தார். முதல்நாள் ஏழு. இரண்டாம் நாள் ஆறு. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்தப் போக்கில் காதுக்காரரின் உயிர் பாதி போயிற்று. மூன்றாம் நாள் மாலை மூன்று, ரத்தம் கோடாக மட்டும். நாலாம் நாள் காலை ஆபரேஷன் டாக்டரின் பெயரை அட்டையிலிருந்து அடித்துவிட்டார்கள். ரொட்டிக்கடை மோட்டார் முழுசாகக் காய்ந்து, அரைமணி லோடு ஓடிக் காட்டிவிட்டுப் போனதாகக் காயில்காரி போனில் சொன்னாள். திங்கட்கிழமையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இத்தனை நாளும் மனைவி அவரிடம் ஒரே வார்த்தைதான் பேசினாள். காலையிலும் மாலையிலும் நோட்டை விரித்துக்கொண்டு, "எத்தன?"

ஐந்தாம் நாளும் கேட்டாள்.

"ரெண்டு" என்றார். "ரத்தம் இல்ல."

அவள் எழுதவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் நர்ஸிடம், "இவர் ரெண்டுங்கறார்" என்றாள். நர்ஸ் தன் அட்டையைப் பார்த்து, "ரெண்டுதான்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் பென்சில் நோட்டில் இறங்கியது.

மத்தியானம் ஊசியை எடுத்துவிட்டு மாத்திரைக்கு மாற்றினார்கள். மனைவி எட்டையும் எண்ணி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவர் கை நீட்டியதைக் கண்டுகொள்ளவில்லை. தன் விரலால் எடுத்து ஒவ்வொன்றாக அவர் நாக்கில் வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், போகாமல் நின்றாள்.

"வாயைத் திறங்க."

திறந்தார்.

"நாக்கைத் தூக்குங்க."

பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறியாளர்களைத் தன் வாசலில் காக்க வைத்த மனிதர், நாக்கைத் தூக்கிக் காட்டினார்.